சில்லுகளால் எழுந்த கோபுரங்கள்

நுழையும்முன்

பாண்டி ஆடுவதற்குச் சில்லு தேடியவர்கள் நம்முள் பலர் உண்டு. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று போதும். தெருவில் நான்கு கோடுகள் கிழித்தால் விளையாட்டுத் திடல் உருவாகிவிடும். பிறர் கழித்த பொருளில் ஒரு பயனைக் காணும் கண் குழந்தைகளுக்கு இயல்பாக உண்டு. அந்தக் கண்ணை முதுமை வரை இழவாதிருந்த ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. அவர் பெயர் சபாத்தோ ரோடியா. உலகம் அவரைச் சைமன் ரோடியா என்று அறியும்.

பிறந்த மண்ணும் பிரிந்த மண்ணும்

இத்தாலி நாட்டின் தென்பகுதியில் நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கே மலைகள் சூழ்ந்த செரீனோ என்னும் ஊர் உள்ளது. அதனைச் சேர்ந்த ரிபோத்தொலி என்னும் சிற்றூரில் 1879ஆம் ஆண்டு ரோடியா பிறந்தார். உழவுத்தொழிலை நம்பிய ஏழைக் குடும்பம் அவருடையது. பள்ளிக் கல்வி அவருக்கு ஏறக்குறைய வாய்க்கவே இல்லை.

அக்காலத்தில் தென் இத்தாலியில் வறுமை மிகுந்திருந்தது. இலட்சக்கணக்கான மக்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றனர். 1890களில் பதின்ம வயதிலிருந்த ரோடியாவும் அவ்வாறே தம் அண்ணனோடு அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. அங்கு நேர்ந்த ஒரு விபத்தில் அண்ணன் உயிரிழந்தார். மொழி அறியாத நாட்டில், உற்ற துணையையும் இழந்த இளைஞர் மேற்குக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டார்.

சியாட்டில், ஓக்லண்டு, லாங் பீச் எனப் பல ஊர்களில் அவர் வாழ்ந்தார். கல் உடைத்தார், சிமெண்டு பூசினார், ஓடு பதித்தார், இரவுக் காவலராகவும் இருந்தார். 1902இல் திருமணம் செய்துகொண்டார். பிள்ளைகளும் பிறந்தனர். ஆயினும் அந்த இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. மதுப்பழக்கம் அவரைப் பற்றியிருந்தது, குடும்பம் பிரிந்தது. பின்னர் அப்பழக்கத்தை அவர் விட்டொழித்தார். கையில் தொழில் இருந்தது. உள்ளத்தில் ஏதேனும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்னும் வேட்கை இருந்தது. அதற்கு ஓர் இடந்தான் தேவைப்பட்டது.

முக்கோண நிலம்

1921ஆம் ஆண்டு, தம் நாற்பத்திரண்டாம் வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தெற்கே வாட்ஸ் என்னும் பகுதியில் சிறு வீட்டோடு கூடிய நிலம் ஒன்றை ரோடியா வாங்கினார். அந்நிலம் முக்கோண வடிவமானது. ஒரு புறம் தெரு. மறுபுறம் இரயில் பாதை. மனை வாங்க வருவோர் பலரும் வேண்டாம் என்று ஒதுக்கக்கூடிய நிலம் அது. மெக்சிகோவிலிருந்து வந்தோர், கறுப்பின மக்கள், ஐரோப்பியக் குடியேறிகள் எனப் பல திசைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அப்பகுதியில் வாழ்ந்தனர்.

நிலத்தின் குறையை ரோடியா நிறையாக்கிக்கொண்டார். இரயிலில் செல்வோர் அனைவரும் காணுமாறு ஒன்றைக் கட்டலாம் என்பது அந்த நிலம் அவருக்குத் தந்த வாய்ப்பு. முக்கோணத்தின் கூரிய முனை, கப்பலின் முகப்பை அவருக்கு நினைவூட்டியது போலும். அம்முனைப் பகுதியில் ஒரு கப்பலையே அவர் அமைத்தார். தொலைநாடுகளுக்குப் பயணம் செய்த மார்க்கோ போலோவின் பெயரால் அக்கப்பல் அழைக்கப்படுகிறது. கடல் கடந்து வந்த ஒருவர் தம் தோட்டத்தில் கப்பல் கட்டியதில் வியப்பில்லை அன்றோ!

பகலில் கூலி வேலை. மாலையிலும் விடுமுறை நாள்களிலும் தம் வேலை. இவ்வாறு முப்பத்து மூன்று ஆண்டுகள் அவர் தனியொருவராக உழைத்தார்.

குப்பையிலிருந்து கருப்பொருள்

அவர் பயன்படுத்திய பொருள்களில் சிமெண்டு போன்ற சிலவே விலைகொடுத்து வாங்கப்பட்டவை. ஏனைய பெரும்பாலும் பிறர் கழித்தவை. பழைய இரும்புக் கம்பிகள், குழாய்கள், கட்டில் சட்டங்கள், கம்பி வலைகள் ஆகியவை எலும்புக்கூடு ஆயின. உடைந்த தட்டுகள், கோப்பைகள், பூந்தொட்டிகள், கண்ணாடித் துண்டுகள், கிளிஞ்சல்கள், கூழாங்கற்கள் ஆகியவை தோலாயின. குளிர்பானப் புட்டிகள் பச்சை நிறம் தந்தன. மருந்துப் புட்டிகள் நீல நிறம் தந்தன. ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது உடைந்து ஒதுக்கப்பட்ட வண்ண ஓடுகளை அவர் வீட்டுக்குக் கொணர்ந்தார். இரயில் பாதை ஓரமாகப் பல கல் தொலைவு நடந்து, கண்ணில் பட்டவற்றைச் சாக்கில் இட்டுச் சுமந்து வந்தார்.

அக்கம்பக்கத்துச் சிறுவர் சிறுமியரும் அவருக்குப் பொருள் சேகரித்துத் தந்தனர். உடைந்த பீங்கானோ வண்ணப் புட்டியோ கொண்டுவரும் குழந்தைகளுக்குச் சில்லறைக் காசோ தின்பண்டமோ கிடைக்கும். தம் வீட்டில் உடைந்த தட்டு அடுத்த வாரம் கோபுரத்தில் பூவாக மலர்ந்திருப்பதைக் கண்ட குழந்தையின் மகிழ்ச்சியை எண்ணிப் பாருங்கள்.

பொருளைக் கண்டபின் வடிவத்தைச் சிந்திப்பது ரோடியாவின் வழக்கம். முதலில் படம் வரைந்து, அதற்கேற்ற பொருளை வாங்குவது கட்டடக் கலைஞர் முறை. ரோடியாவிடம் வரைபடமே இல்லை. கோப்பையின் உடைந்த பிடி கிடைத்தால், அதன் வளைவு எங்கே பொருந்தும் என்று தேடுவார். புட்டியின் அடிப்பாகம் வட்டமாக இருந்தால், அதனை மலரின் நடுவில் வைப்பார். ஈரமான சிமெண்டுப் பூச்சின்மேல் தம் சுத்தியல், அரம் முதலிய கருவிகளை அழுத்தி அச்சு எடுப்பார். சோளக் கதிரும் குழாயின் கைப்பிடியும்கூட அவருக்கு அச்சாயின. இன்றும் அச்சுவர்களில் அவருடைய கருவிகளின் தடங்களைக் காணலாம். அருகில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் உள்ளன. கையெழுத்திட அதிகம் பழகாத ஒருவர், தம் கருவிகளால் இட்ட கையொப்பம் அது.

சாரமின்றி எழுந்த கோபுரம்

ரோடியாவின் தோட்டத்தில் பதினேழு அமைப்புகள் உள்ளன. அவற்றுள் மூன்று உயர்ந்த கோபுரங்கள். மிக உயர்ந்தது ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது 99 அடிக்கும் சற்று மேல். பத்து மாடிக் கட்டடத்துக்கு ஒப்பான இவ்வுயரத்தை ஒரே மனிதர் சாரம் கட்டாமல், பாரந்தூக்கி இல்லாமல் எட்டியது எவ்வாறு?

அவருடைய முறை எளிமையானது. இரும்புக் கம்பியை இரயில் தண்டவாளத்தின் இடுக்கில் செருகி, தம் உடல் வலிமையால் வளைப்பார். தண்டவாளமே அவருக்குப் பட்டறை இடுக்கி. வளைத்த கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து, மெல்லிய கம்பியால் இறுகக் கட்டுவார். அவற்றின்மேல் கம்பி வலையைச் சுற்றி, சிமெண்டுக் கலவையைக் கையால் அப்புவார். அக்கலவை காயும் முன் சில்லுகளைப் பதிப்பார். பற்றவைப்பும் இல்லை, திருகாணியும் இல்லை.

கோபுரத்தைச் சுற்றி வளையங்கள் அமைந்தன. ஒரு வளையம் உறுதியாகக் காய்ந்தபின் அதன்மேல் ஏறி நின்று அடுத்த வளையத்தைக் கட்டுவார். சன்னல் துடைக்கும் தொழிலாளர்கள் அணியும் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் சிமெண்டு வாளியோடு ஏறுவார். ஆக, கட்டிய கோபுரமே மேலும் கட்டுவதற்கான ஏணி ஆயிற்று. கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வளைவுகள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. காற்றின் விசையைப் பகிர்ந்து தாங்கும் கைகளும் அவையே. கம்பிகளுக்கு இடையே வெற்றிடம் மிகுதி ஆதலால், காற்று மோதாமல் ஊடே செல்கிறது.

இவ்வடிவம் அவர் உள்ளத்தில் எங்கிருந்து தோன்றியது? அவர் பிறந்த ஊருக்கு அப்பால் நோலா என்னும் நகரம் உள்ளது. அங்கு ஆண்டுதோறும் உயரமான மரக் கோபுரங்களை ஆடவர் பலர் தோளில் சுமந்து தெருக்களில் ஆடிவரும் திருவிழா நடைபெறுகிறது. அக்கோபுரங்களோடு ஒரு கப்பலும் பவனி வரும். நம் ஊர்த் தேர்த்திருவிழாவைக் கண்டவர்களுக்கு இக்காட்சியைக் கற்பனை செய்வது எளிது. இளமையில் கண்ட அவ்விழாவே ரோடியாவின் கோபுரங்களுக்கும் கப்பலுக்கும் வித்தாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிறந்த ஊரை அவர் கையில் எடுத்து வரவில்லை. கண்ணில் எடுத்து வந்தார் எனலாம்.

அவர் தம் படைப்புக்கு இட்ட பெயர், நுவெஸ்ட்ரோ புவெப்ளோ. இது ஸ்பானிய மொழித் தொடர். நம் ஊர் என்பது பொருள். இத்தாலியில் பிறந்தவர், ஆங்கிலம் வழங்கும் நாட்டில் வாழ்ந்தவர், அண்டை வீட்டார் பேசிய ஸ்பானிய மொழியில் தம் படைப்புக்குப் பெயர் சூட்டினார். என் ஊர் என்று அவர் பெயரிடவில்லை என்பதையும் கருதுக.

புகழும் பழியும்

அனைவரும் அவரைப் போற்றினர் என்று கருத வேண்டா. அவரைப் பித்தர் என்று எள்ளியவர் உண்டு. பொருள் தந்த குழந்தைகள் ஒருபுறம் இருக்க, கல்லெறிந்து சில்லுகளைப் பெயர்த்த சிறுவர்களும் இருந்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இக்கோபுரங்கள் பகை நாட்டுக்குச் செய்தி அனுப்பும் கம்பங்கள் என்னும் வதந்தி பரவியது. வேற்று நாட்டிலிருந்து வந்தவர் புரியாத ஒன்றைச் செய்தால் ஐயம் எழுவது உலக இயல்பு. ரோடியா எவரிடமும் வாதிடவில்லை, வேலையைத் தொடர்ந்தார்.

1950களின் நடுவில், எழுபத்தைந்து வயதை எட்டிய நிலையில், அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தம் வீட்டையும் கோபுரங்களையும் அண்டை வீட்டார் ஒருவருக்கு விலையின்றிக் கொடுத்தார். வடக்கே மார்ட்டினஸ் என்னும் ஊரில் உறவினர் அருகே வாழச் சென்றார். முப்பத்து மூன்று ஆண்டு உழைப்பை விட்டுச் சென்றவர், அதனைப் பார்க்க மீண்டும் வரவே இல்லை.

கோபுரத்துக்கு வைத்த தேர்வு

அவர் சென்ற சில ஆண்டுகளில் அச்சிறு வீடு தீக்கிரையானது. கோபுரங்கள் காவலின்றி நின்றன. உரிய அனுமதி இல்லாத, பாதுகாப்பற்ற கட்டுமானம் என்று கருதி, அவற்றை இடிக்குமாறு நகராட்சியின் கட்டடத் துறை ஆணையிட்டது. அதன் அச்சத்தை நாம் புறக்கணிக்க இயலாது. பொறியாளர் எவரும் கணக்கிடாத 30 மீட்டர் உயரக் கோபுரம், வீடுகள் நிறைந்த தெருவில் சரிந்தால் உயிர்கள் போகும். அப்பகுதியோ நிலநடுக்கம் நிகழும் பகுதி.

1959இல் வில்லியம் கார்ட்ரைட், நிக்கோலஸ் கிங் என்னும் இரு இளைஞர்கள் அந்நிலத்தை விலைக்கு வாங்கினர். கலைஞர்களும் பொதுமக்களும் ஒன்றுசேர்ந்து, கோபுரங்களைக் காக்க ஒரு குழுவை அமைத்தனர். அழகைச் சொல்லி அதிகாரிகளை இணங்கச் செய்ய இயலவில்லை. கேள்வி உறுதியைப் பற்றியது. விடையும் உறுதியைப் பற்றியே அமைய வேண்டும். வானூர்தித் துறையில் பணியாற்றிய பட் கோல்ட்ஸ்டோன் என்னும் பொறியாளர் ஒரு சோதனையை முன்மொழிந்தார். கடும் புயற்காற்றுக்கு நிகரான விசையால் கோபுரத்தைப் பக்கவாட்டில் இழுப்பது. தாங்கினால் கோபுரம் நிலைக்கும். தாங்காவிடில் அன்றே வீழும்.

1959 அக்டோபர் 10ஆம் நாள் மக்கள் திரண்டனர். கோபுரத்தில் கம்பி வடங்கள் பிணைக்கப்பட்டன. விசை சிறிது சிறிதாகக் கூட்டப்பட்டு 10,000 பவுண்டை எட்டியது. இது ஏறத்தாழ 4,500 கிலோ எடைக்குச் சமம். கோபுரம் அசைந்து கொடுத்ததேயன்றி முறியவில்லை. மாறாக, இழுத்த கருவியின் எஃகு விட்டம் வளையத் தொடங்கியது. சோதனை நிறுத்தப்பட்டது. இடிக்கும் ஆணை கைவிடப்பட்டது. எழுதப் படிக்க அதிகம் அறியாத தொழிலாளியின் கைக்கணக்கு, பொறியியல் தேர்வில் வென்றது.

இறுதி நாள்கள்

1961இல் பெர்க்லி நகரின் பல்கலைக்கழகத்தில் இக்கோபுரங்களைப் பற்றிய கூட்டம் ஒன்று நடைபெற்றது. அதற்கு ரோடியா அழைக்கப்பட்டார். தம் படைப்பின் படங்கள் திரையில் காட்டப்பட்டபோது, அவையோர் எழுந்து நின்று கைதட்டியதை அம்முதியவர் கண்டார். 1965 சூலைத் திங்களில் அவர் மறைந்தார்.

அடுத்த மாதமே வாட்ஸ் பகுதியில் பெருங்கலவரம் மூண்டது. கட்டடங்கள் பல எரிந்தன. ரோடியாவின் கோபுரங்கள் மட்டும் ஊறின்றி நின்றன. நம் ஊர் என்று பெயரிடப்பட்டதை ஊரார் தம்முடையதாகவே ஏற்றுக்கொண்டிருந்தனர். 1990இல் அமெரிக்க அரசு அதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அருகில் உள்ள கலைக்கூடத்தில் அப்பகுதிக் குழந்தைகள் இன்றும் ஓவியமும் இசையும் கைத்தொழிலும் கற்கின்றனர்.

நம் நாட்டில்

ரோடியாவைப் போன்ற ஒருவர் நம் நாட்டிலும் வாழ்ந்தார். சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், நகரம் கட்டப்பட்டபோது குவிந்த இடிபாடுகளையும் உடைந்த வளையல்களையும் பீங்கான்களையும் கொண்டு, காட்டுப் பகுதியில் எவரும் அறியாமல் சிலைத் தோட்டம் ஒன்றை அமைத்தார். நாட்டுப் பிரிவினையின்போது பிறந்த ஊரை இழந்து வந்தவர் அவர். 1970களின் நடுவில் அத்தோட்டத்தைக் கண்டறிந்த அரசு, அதனை இடிக்காமல் 1976இல் மக்களுக்குத் திறந்தது. ராக் கார்டன் என்னும் அத்தோட்டத்தை உங்களுள் சிலர் நேரில் கண்டிருக்கலாம்.

இருவரும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். இருவரும் கூலிக்கும் ஊதியத்துக்கும் பகலைத் தந்து, எஞ்சிய நேரத்தைத் தம் படைப்புக்குத் தந்தவர்கள். வந்த இடத்தில் பிறர் வேண்டாமென்று எறிந்தவற்றைக்கொண்டு, அனைவரும் வேண்டும் என்று சொல்லும் இடத்தை உருவாக்கினர். பெற்றோரின் பணி நிமித்தமாகப் பிறந்த மண்ணைவிட்டு வெளியூரில் வளரும் உங்களுக்கு, புதிய ஊரை நம் ஊர் ஆக்கிக்கொள்ளும் வழிகளுள் ஒன்றை இவர்கள் வாழ்க்கை காட்டுகிறது.

சொற்பொருள்

சில்லு – ஓடு, பீங்கான் முதலியவற்றின் உடைந்த சிறு துண்டு
வேட்கை – பெருவிருப்பம்
சாரம் – கட்டட வேலைக்காக மரக்கம்புகளால் கட்டப்படும் ஏறுதளம்
வித்து – விதை. இங்குத் தொடக்கக் காரணம்
எள்ளுதல் – இகழ்தல்
வடம் – தடித்த கயிறு
ஊறு – கேடு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ரோடியா பிறந்த ஊர் எது?
2. அவர் வாங்கிய நிலத்தின் வடிவம் யாது? அதன் கூரிய முனைப் பகுதியில் எதனை அமைத்தார்?
3. நுவெஸ்ட்ரோ புவெப்ளோ என்பதன் பொருள் யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. கட்டிய கோபுரமே ஏணி ஆயிற்று என்பதை விளக்குக.
2. நகராட்சி கோபுரங்களை இடிக்க எண்ணியதற்கு உரிய காரணங்கள் யாவை? அக்காரணங்களை நீங்கள் ஏற்கிறீர்களா?
3. ரோடியாவுக்கும் நேக் சந்துக்கும் உள்ள ஒற்றுமைகளைத் தொகுத்து எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
1. வரைபடமே  2. திருகாணி  3. முதலெழுத்து  4. தீக்கிரை

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டில் கழிக்கப்பட்ட பொருள்களுள் கூர்முனை இல்லாத ஐந்தினைச் சேகரியுங்கள். படம் எதுவும் வரையாமல், பொருள்களின் வடிவத்தை மட்டும் பார்த்து, அவற்றைச் சேர்த்து ஓர் உருவம் அமையுங்கள். அதற்கு ஒரு பெயர் சூட்டி, அப்பெயரைத் தேர்ந்த காரணத்தைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.